சஹனில் ஆறாவது ஆள்

கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து என் வீட்டாருக்கு என்மேல் இரக்கம் பொங்கி வழிந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்து அனுப்பினார்கள். அதன்பிறகு நான் காலை அசைத்தாலே மூத்தவள் றஹீமா ஓடி வருவாள். எனக்கு அறுபத்திரண்டு வயதுதான். செத்த மையித்தைக் குளிப்பாட்டுவதுபோல் என்னைக் குளிப்பாட்டினார்கள்.

எண்பத்திரண்டாம் ஆண்டு இளையவள் நதீராவுக்குக் கலியாணம் பேசினோம். மாப்பிள்ளையின் தாய் சுபைறா எங்கள் வீட்டுக்கு வந்து என் ஊன்றுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலியாணத்தண்டு உங்களுக்குக் கதிரையும் தனிப் பீங்கானும் வச்சிருவம். நோயாளியக் கீழ இருத்தப்படாது" என்றார்.

றஹீமாவும் ஓம் என்று தலையாட்டினாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எங்கள் கலியாணச் சோறு சஹனில்தான். பாயில் ஆறு பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் கை வைப்போம். பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் ஒரே சஹனில் இருப்பது எங்கள் குடும்ப வழக்கம். என் மகளின் கலியாணத்தில் நான் மூலையில் இருந்து தின்பதா?

அடுத்த கிழமையே கல்முனை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். பிசியோதெரபி அறையில் கனகரெத்தினம் என்ற காரைதீவுத் தம்பி இருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். பாயில் இருந்து சாப்பிட்டுவிட்டு நானாக எழும்ப வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அந்நிய ஆண் என்னைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் தள்ளி நிலத்தில் இருந்து தன் உடம்பிலேயே செய்து காட்டினார். உதவியாள் சிவக்கொழுந்து பக்கத்தில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள். பக்கமாகத் திரும்பி, கைகளை ஊன்றி, முழங்காலில் வந்து, நல்ல காலை முன்னுக்கு வைத்து எழும்ப வேண்டும். நான் பாதியிலேயே சரிந்தேன். வலியில் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டில்தான் தொல்லை. நான் முழங்காலை ஊன்றியவுடன் றஹீமா வந்து கக்கத்தில் கைபோட்டுத் தூக்கிவிடுவாள். ஒரு மாதம் இப்படியே போனது. கால் தேறாததைப் பார்த்துக் கனகரெத்தினம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"உங்கட மகள்ட பாசந்தான் உங்கட காலைப் படுக்க வச்சிருக்கு, உம்மா" என்றார்.

அன்று பின்னேரம் றஹீமாவிடம் சொன்னேன்: "இனி என்னைத் தூக்கினா உன்னோட நான் கதைக்கமாட்டன்."

அவள் கதவுக்கு வெளியே நின்று அழுதாள். நான் உள்ளே விழுந்து விழுந்து எழும்பப் பழகினேன்.

கலியாணத்தன்று மெத்தை போட்ட கதிரை எனக்காகத் தயாராக இருந்தது. நான் அதைத் தாண்டிப் போய்ப் பாயில் இருந்தேன். சுபைறாவோடு சேர்த்து ஐந்து பேர் ஏற்கெனவே இருந்தார்கள், நான் ஆறாவது. சஹனில் கடைசி ஆள் முடிக்குமட்டும் மற்றவர்கள் எழும்புவதில்லை. நான் வேண்டுமென்றே கடைசி இனிப்பான வட்டிலாப்பம்வரை ஆறுதலாகச் சாப்பிட்டேன்.

இருந்த இடத்திலேயே கை கழுவினோம். பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். திரும்பினேன், ஊன்றினேன், முழங்காலில் வந்தேன், காலை முன்னுக்கு வைத்து எழும்பி நின்றேன். றஹீமா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அல்ஹம்துலில்லாஹ், நான் பிள்ளை பெற்ற நாட்களில்கூட அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

மற்றவர்களும் எழும்பினார்கள். சுபைறா மட்டும் எழும்பவில்லை. அவ்வளவு நேரம் இருந்ததில் கால் விறைத்துவிட்டது. இரண்டு தரம் முயன்றுவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். அந்தக் கதிரையைக் கொண்டு வரச் சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு குனிந்தேன்.

"முதல்ல முழங்கால்ல வாங்க, மதினி. இப்ப ஒரு காலை முன்னுக்கு வைங்க."

அவர் வைத்தார். நான் தூக்கவில்லை, கையை மட்டும் கொடுத்தேன்.