ஆறு கொடிகள்

பழைய சுங்கக் கிடங்குதான் இப்போது அருங்காட்சியகம். வாரத்தில் நான்கு நாள் அங்கே பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவளை எல்லோரும் கப்பல் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

பாடம் என்றால் கரும்பலகைப் பாடம் இல்லை. வாசலிலேயே ஆளுக்கொரு அட்டை கொடுத்துவிடுவாள். கேப்டன், எழுத்தர், சமையல்காரன், மூட்டை தூக்கி, பாய்மரக்காரன். அன்று முழுக்க அவரவர் அட்டைப்படிதான் நடக்க வேண்டும். மூட்டை தூக்கிகள் மரத்தூள் அடைத்த சாக்கை இழுப்பார்கள். பாய்மரக்காரர்கள் கயிற்றில் முடிச்சுப் போடுவார்கள். குடிக்க ஆளுக்கு அரைக் குவளைத் தண்ணீர்தான். ஒரு காலத்தில் இந்தத் துறைமுகத்தை ஆண்ட அந்நியக் கம்பெனியின் விதிகள் பெரிய எழுத்தில் சுவரில் தொங்கின.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது ஆறாம் வகுப்பு. கண்ணாடி போட்ட ஒரு பையனுக்கு எழுத்தர் அட்டை. வகுப்பில் 'கேள்விப்பெட்டி' என்று பெயர் வாங்கிய சிறுமிக்குச் சமையல்காரன் அட்டை.

"ஐயா, கரைக்கு எறங்கணும். வீட்டப் பாத்துட்டு வந்துடறேன்" என்றாள் கேள்விப்பெட்டி.

எழுத்தர் சுவரைப் பார்த்து வாசித்தான். "உள்ளூர்க் கப்பலாள் எவனும் எழுத்துச் சீட்டு இல்லாமல் கரை இறங்கக் கூடாது. சீட்டு இருக்கா?"

"அத நீதானே தரணும்?"

"நான் தர மாட்டேன். போய்ச் சோத்த வடி."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கேள்விப்பெட்டி திரும்பினாள். "இப்பல்லாம் இப்படிக் கிடையாதுல்ல மிஸ்?"

எல்லா வகுப்பிலும் யாராவது கேட்கிற கேள்விதான். சட்டம் மாறிவிட்டது என்று சொல்லி கப்பல் டீச்சர் அடுத்த அறைக்குக் கூட்டிப் போய்விடுவாள். அன்று அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், சாம்பல் நிறச் சரக்குக் கப்பல் ஒன்று நங்கூரத்தில் நின்றது. ஏழு மாதமாக நிற்கிறது. முதலாளி கைகழுவிவிட்டார். நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைத்திருந்தது. வழக்கு முடியும்வரை அதில் வேலை பார்த்த பதினான்கு பேரும் கப்பலை விட்டு இறங்கக் கூடாது. டீசல் இல்லாததால் மின்சாரம் இல்லை, எல்லாருடைய போனும் செத்துக் கிடந்தது. அந்தப் பதினான்கில் சமையல்காரன் அவள் தம்பி.

வேலை செய்கிற இடத்தில் இதை அவள் மூச்சுக்கூட விட்டதில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை.

"அதோ நிக்குதே, அந்தக் கப்பல்ல எந்தம்பி இருக்கான்" என்றாள். "அவனாலயும் எறங்க முடியாது."

கூட வந்த வகுப்பாசிரியை, "பிள்ளைங்ககிட்டப் போய் இதெல்லாம் எதுக்கு மிஸ்?" என்று மெல்லச் சொன்னார். அதற்குள் பிள்ளைகள் ஜன்னலில் மொய்த்துவிட்டார்கள்.

"மிஸ், கொடி ஏத்தலாம்! காலைல சொல்லிக் குடுத்தீங்கல்ல?"

முற்றத்தில் உயரமான கொடிக்கம்பம் இருந்தது. பெட்டியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி. 'நலமா' என்று ஏற்றலாம் என்றான் எழுத்தர். எழுதிப் பார்த்தால் ஒரே எழுத்து மூன்று தடவை வந்தது, கொடி ஒன்றுதான். "அப்ப தம்பின்னு ஏத்துங்க" என்றாள் கேள்விப்பெட்டி. ஆறு எழுத்து, எதுவும் இரண்டு தடவை வரவில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கயிற்றை எடுத்துக் கொடுத்தாள்.

அருங்காட்சியகத்தின் தொலைநோக்கியில் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் கப்பல் தளத்துக்கு யாரும் வரவில்லை. பிறகு ஒருவன் விளிம்புக்கு வந்தான், உள்ளே ஓடினான், கூட்டமாகத் திரும்பினார்கள். வெயிலில் ஏதோ பளிச் பளிச்சென்று மின்னியது. தொலைநோக்கியில் கண் வைத்திருந்த பையன், "சட்டி மூடி மிஸ்! ஒருத்தர் சட்டி மூடிய ஆட்டுறாரு!" என்று கத்தினான். அவள் வாங்கிப் பார்த்தபோது கண் நிறைந்து எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. தம்பி இளைத்திருக்கிறானா என்றுதான் பார்க்க நினைத்தாள். முகமே பிடிபடவில்லை.

கால் மணி நேரத்தில் துறைமுக அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கொடிகளை இறக்கச் சொன்னார். அருங்காட்சியக நிர்வாகி அவளிடம் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். கப்பலில் இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த முப்பத்தெட்டுக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு மாலையில் அவள் துறைமுக அதிகாரியிடம் போனாள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், தண்ணீர் வரவழைத்தார்.

"உங்க மனசு புரியுதும்மா. ஆனா கோர்ட் காவல்ல இருக்கற கப்பலுக்கு நான் எதையும் அனுப்ப முடியாது."

"பிள்ளைங்க எழுதின கடுதாசிதான் சார்."

"புரியுதும்மா" என்று மறுபடியும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் பதிலுக்காவது கத்தியிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை ஜன்னலுக்கு வெளியே வெறும் கடல். கரையிலிருந்து யாரும் தொடர்பு கொள்ளக் கூடாதென்று கப்பலை இழுவைப் படகு கட்டி நிலமுனைக்கு அப்பால், வெளிக்கடலுக்கு மாற்றிவிட்டார்கள்.

சனிக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கப்பலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற படகுக்காரரின் போன்.

"அக்கா, கொடியப் பாத்தேன். கேப்டன் ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, ஒண்ணும் புரியல. எனக்குத்தான் புரிஞ்சுது."

"சாப்பிட்டியாடா?"

"சமையக்காரனையே கேக்கறியா?" சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. "அரிசி இருக்கு. இங்க அலைதான் ஜாஸ்தி, ரெண்டு பேருக்கு ஓயாம வாந்தி. தண்ணிப் படகும் இனிமே வாரத்துக்கு ஒருக்காதானாம்."

"என்னாலதான்டா."

"அதெல்லாம் இல்லக்கா" என்றான் அவசரமாக. "இனிமே ஏத்த வேண்டாம்னு கேப்டன் சொல்லச் சொன்னாரு. நீ தப்பா எடுத்துக்காத. படகு கெளம்புது, வெச்சுடறேன்."

அரை மணி கழித்து அவள் அதே எண்ணைக் கூப்பிட்டாள். படகுக்காரர் எடுத்தார்.

"நான் கரைக்கு வந்துட்டேம்மா. இனி அடுத்த சனிக்கிழமைதான்."

"அவனப் பாத்தீங்கல்லண்ணே. எப்படி இருக்கான்?"

"நிக்கறான்மா" என்றார். "கம்பியப் புடிச்சிக்கிட்டு நல்லாத்தான் நிக்கறான்."