நான்கு நிமிடம் இருபது விநாடி

மூன்றாவது ஆள் பேச எழுந்தபோது சாருகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தகன மண்டபத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நாற்பத்தைந்து நிமிடம். தேவாரமும் சிவபுராணமும் பதினைந்தைக் கொண்டுபோய்விட்டன. அதை அவள் குறை சொல்லமாட்டாள். ஆனால் மைக்கைக் கண்டால் நம்மவர்களுக்கு விட்டுவர மனம் வராது.

"றஜீவ் அவர்கள் ஒரு சிறந்த மேல்நாட்டு இசைக் கலைஞர்," என்று சங்கச் செயலாளர் தாளைப் பார்த்து வாசித்தார். "எமது பொங்கல் விழாவில் அவர் கித்தார் மீட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது."

அந்தப் பொங்கலின்போது அவளுடைய தம்பி றஜீவுக்கு வயது பதினான்கு. ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் அவர்களுக்கு மேல்மாடியில் ஒரு பொஸ்னியக் குடும்பம் இருந்தது. அங்கே கேட்ட பாட்டுகளின் பின்னால் போனவன், முப்பத்தெட்டு வயதில் சாகும்வரை திரும்பி வரவில்லை. பல்கேரியா, மசிடோனியா என்று அலைந்து கலியாணவீட்டுப் பாட்டுகளையும், தோற்பையில் காற்றடைத்து ஊதும் பைக்குழல்காரர்களையும் பதிவுசெய்துகொண்டு வருவான். அவற்றைக் கித்தாரோடும் கணினியில் பிறந்த ஒலிகளோடும் கலந்து புதிதாக ஒன்று செய்வான். அப்பா ஒரு நிகழ்ச்சிக்கும் போனதில்லை. "ஆரோ வேறை நாட்டுக்காரற்றை பாட்டு. பிறகொருக்கா வாறன்," என்பார். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர், நேரத்துக்குப் போகாத இடம் அது ஒன்றுதான்.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி ஹெட்போனைக் கழற்றி அவளுடைய காதில் வைத்தான். கடைசியாகச் செய்து முடித்தது.

"நாலு நிமிசம் இருபது செக்கன் அக்கா. செத்தவீட்டிலை வெட்டாமல் போடுவியோ? அப்பா இருக்கேக்கை."

"ஓம்," என்றிருந்தாள். அதன்பிறகு பெட்டி, பூ, படிவங்கள், ஐயர், சாப்பாடு. அவன் போனதிலிருந்து பதினொரு நாளாக அவள் சரியாகத் தூங்கவும் இல்லை, அழவும் இல்லை.

செயலாளர் அமர்ந்தபோது ஒன்பது நிமிடம் மிச்சமிருந்தது. திறந்த பெட்டியைச் சுற்றிச் சனம் வரிசையானது. உரித்தானவர்கள் வாய்க்கரிசி போட, மற்றவர்கள் பூப்போட வேண்டும். அந்த நேரத்தில்தான் தம்பியின் பாட்டு என்று ஒழுங்கு. அவள் தயாபரன் சித்தப்பாவுக்குத் தலையசைத்தாள். ஒஸ்லோவில் அரங்கேற்றமானாலும் செத்தவீடானாலும் இருபது வருடமாக ஒலிபெருக்கி அவர் பொறுப்பு. அவர் பொத்தானை அழுத்தினார்.

ஒரு தாழ்ந்த ஊம் என்ற ஒலி எழுந்தது. பைக்குழலின் அடிச்சுருதி ஒன்றை எடுத்துத் தம்பி இழுத்து நீட்டியிருந்தான். இரண்டு நிமிடத்துக்கு அந்த ஒரே ஒலிதான். கித்தார் அதற்குப் பிறகுதான் வரும். சித்தப்பாவிடம் எல்லாம் சொன்னவள் இதை மட்டும் சொல்ல மறந்துபோனாள்.

பத்துப் பன்னிரண்டு விநாடி போயிருக்கும். ஒலி அறுந்தது. வழக்கமான தேவார சீடி பாடத் தொடங்கியது. சித்தப்பா அவளைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோலக் கையைக் காட்டினார்.

பின்வரிசையில் ஆன்ட்ரியாஸ் பாதி எழுந்து நின்றான். தம்பியோடு பதினாறு வருடம் மேடையில் கணினிப் பக்கம் நின்றவன். அவளைப் பார்த்தான். இது தான் வாய்திறக்கும் இடமில்லை என்று நினைத்தானோ, திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

விட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? கால் இரண்டும் கடுத்தன. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் போலிருந்தது. அப்படி நினைத்ததில் தன்மீதே வெறுப்பு வந்தது. பிறகு எழுந்து நடந்தாள்.

"எர்த் அடிச்சு ஸ்பீக்கர் இரைஞ்சது பிள்ளை," என்றார் சித்தப்பா. "நல்லகாலம், உடனை நிப்பாட்டிப்போட்டன்."

"அது பழுதில்லை சித்தப்பா. அதுதான் பாட்டு."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். துக்கத்தில் பிள்ளைக்கு மூளை குழம்பிவிட்டது என்றே எண்ணியிருப்பார்.

"சனம் சிஸ்டம் சரியில்லையெண்டு சொல்லுமெல்லோ?"

"சொல்லட்டும். முதல்லையிருந்து போடுங்கோ."

சித்தப்பா போட்டார். அவளுடைய கடிகாரத்தில் ஆறு நிமிடம் இருந்தது.

ஊம் என்ற ஒலி திரும்பவும் எழுந்து மண்டபத்தை நிறைத்தது. வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "மைக் இரையுது, ஆரும் பாருங்கோ!" என்றது ஒரு குரல். இரண்டு பேர் உதவிசெய்ய ஓடிவந்தார்கள். சித்தப்பா கருவிக்கு முன்னால் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒண்டுமில்லை. போய் நில்லுங்கோ," என்று அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. மண்டபப் பொறுப்பாளர் நோரா நேரம் சொல்லக் கதவைத் திறந்து, சற்று நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அப்பா பெட்டியருகே அரிசியை ஏந்தியபடி நின்றார். சாருகா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"எப்ப பிள்ளை தொடங்கும்?"

"தொடங்கிட்டுது அப்பா."

அப்பா ஒலிபெருக்கியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பின்னால் நின்ற யாரோ, "அண்ணை, நேரம் போகுது, போட்டிட்டு நகருங்கோ," என்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் அப்பா, திரும்பாமலே. "பிள்ளை வாசிக்கிறான்."

கித்தார் வருவதற்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.