வளன் கப்பல் ஏறுமுன்

1

இந்தக் கதை மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் கிடைத்தது. ஒருவர் செல்பேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: "வெள்ளிக்கிழமை கப்பல் ஏறணும்லே. அதுக்குள்ள பிள்ளை பிறந்துரணும்." பேரைக் கேட்கவில்லை. வளன் என்று நான் வைத்தேன்.

2

'கடல் அன்று அமைதியாக' என்று தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். துறைமுகத்துக்காரர்கள் கடலைப் பார்ப்பதில்லை. நிலக்கரித் தூசியைத் துடைக்கிறார்கள்.

மறுபடியும். வளன் சரக்குக் கப்பல் மாலுமி. போனால் ஒன்பது மாதம். மனைவி ஏஞ்சலினுக்குப் பிரசவ நாள் அடுத்த வாரம். மூத்தவள் பிறந்தபோதும் அவன் கடலில்தான். ஊர் திரும்பியவனை யாரென்று தெரியாமல் மகள் வீறிட்டாள். இந்தப் பிள்ளையையாவது பிறந்ததும் கையில் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை.

3

"வலி வாரதுக்கு மாத்திரை இருக்குல்லா டாக்டர்? குடுத்துருங்க" என்றான் வளன்.

"மூத்தது ஆபரேஷன்தானே?" என்றார் டாக்டர் பேச்சிச்செல்வி. "கர்ப்பப்பையில அந்தத் தழும்பு இருக்கு. மாத்திரையில வலி ஒரேயடியா கூடிட்டா அது கிழிஞ்சிரும். ரெண்டு உயிருக்கும் ஆபத்து."

"எங்க தெரு விஜிலாவுக்குக் குடுத்தீங்களே?"

"அவளுக்கு நாள் தாண்டிட்டு. தழும்பும் இல்ல. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டோம். நல்ல மருந்துதான், ஆளைப் பாத்துக் குடுக்கணும். தானா வலி வரட்டும். வந்ததும் இங்க வந்துருங்க."

ஏஞ்சலின் சிரித்தாள். "இவருக்கு எல்லாமே கன்டெய்னர் நினைப்பு டாக்டர். பூட்டை உடைச்சா சரக்கு வந்துரும்!"

(ஆபரேஷன் செய்யலாமே என்பீர்கள். ஏஞ்சலின் வேண்டாம் என்றாள். வயிறு அவளுடையது.)

4

அன்று மாலை வளன் மருந்துக் கடைக்குப் போய், சீட்டில்லாமல் அந்த மாத்திரையை —

இல்லை. அவனைச் சந்தேகப்பட்டது நான்தான். அவன் போனது பரோட்டாக் கடைக்கு. ஏஞ்சலின் பொரித்த பரோட்டா கேட்டிருந்தாள்.

(எழுதுகிற நான் மனைவியை இழந்தவன்; அதனால் ஏஞ்சலினும் பிழைக்க மாட்டாள் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். என் மனைவி போனது டெங்குவில். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை.)

5

அன்று வியாழக்கிழமை இரவு. பெட்டி கட்டியாயிற்று. நாளைக் காலையில் அவன் அதைத் தூக்கும்போது வலி வரலாம். கப்பல் ஏஜென்டிடம் கெஞ்சி அடுத்த கப்பலுக்கு மாறிக்கொள்ளலாம். நடுக்கடலில் செல்பேசித் திரையில் பிள்ளையைப் பார்க்கலாம். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

"ஏங்க, உதைக்குது. கையை வைங்க."

"ஏளா, கையில சால்னா இருக்கு."

"பரவால்ல, வைங்க."

வைத்தான். உள்ளிருந்து ஓர் உதை, சரியாக உள்ளங்கையில்.

நான் இங்கேயே நிறுத்துகிறேன். பிள்ளை எப்போது பிறந்தது என்று நீங்கள் எழுதுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.