பெயரில்லாத பொத்தான்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை சம்சாவில் பிறந்தது. பிஷ்கெக்கில் நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில், எல்லோராலும் பயன்படுத்த முடிகிற சிறந்த இணையதளத்துக்கு முதல்முறையாக ஒரு விருது அறிவித்தார்கள். விழா முடிந்ததும் சூடான சம்சா உண்டு என்றார்கள். அதற்காகப் போனவன், வீடு திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: “பிறவியிலிருந்தே இருளில் வாழ்ந்த சாய்கலுக்கு அன்று...”

இதைக் கைவிட்டேன். காரணம் சாய்கலேதான். அவளுக்கு வரைவை அனுப்பியிருந்தேன். ஆசிரியரை இங்கே ‘அகாய்’ என்றுதான் அழைப்பார்கள்.

“என்ன அகாய், இருள் கிருள்னு போட்டிருக்கீங்க? இருட்டு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. சட்டம் படிக்கிறா, வாய் கொஞ்சம் நீளம்னு எழுதுங்க, போதும்.”

(ஒரு குறிப்பு. கைவிட்ட வாக்கியங்களின் மேல் கோடு போடுவதுதான் என் வழக்கம். அவளுடைய கணினி திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும், கோட்டைச் சொல்லாது. நான் வெட்கப்பட்டு அடித்ததையெல்லாம் அது கணீரென்று படித்துவிட்டதாம். அதனால் இங்கே கோடு இல்லை, வார்த்தையாலேயே சொல்கிறேன்.)

2

சட்டம் படிக்கிற, வாய் கொஞ்சம் நீளமான சாய்கலை நடுவர்களில் ஒருத்தியாகப் போட்டார்கள். மற்ற இருவர் துணை ரெக்டர் ராக்கியாவும் ஓவிய ஆசிரியர் ஒருவரும். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும் என்றுதான் தன்னைச் சேர்த்தார்கள் என்பது சாய்கலுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒப்புக்கொண்டாள். வெல்லும் தளத்தின் அச்சில்தான் அடுத்த ஆண்டு எல்லாத் துறைத் தளங்களும் வரப்போகின்றன. ஒரு புத்தகத்தை முன்பதிவு செய்யக்கூட அறைத்தோழி குளித்து வரும்வரை காத்திருக்கிற வாழ்க்கை அவளுக்குச் சலித்திருந்தது.

மேடையில் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மதிப்பெண் தாள், அச்சடித்தது. ராக்கியாவை எஜே, அதாவது அக்கா, என்று அழைத்துக் கேட்டாள்.

“எஜே, இதை நான் என்ன செய்யட்டும்? விசிறிக்கட்டுமா?”

ராக்கியாவின் முகம் சிவந்தது. “மன்னிச்சுக்கோம்மா. நீ எப்படிச் சொல்றியோ அப்படியே செஞ்சிரலாம்.”

“அப்படின்னா அந்தப் பெரிய திரையை அணைச்சிருங்க. எல்லாரும் என்னை மாதிரியே கேக்கட்டும்.”

அணைத்தார்கள். அரங்கமே காதானது.

3

இறுதிக்கு வந்தவை இரண்டு தளங்கள். முதலில் சேர்க்கைப் பிரிவின் தளம். செய்தவன் தெமிர்லான், அழகான தளங்களுக்கு ஊரறிந்தவன். சாய்கல் விசையைத் தட்டத் தட்ட ஒலிபெருக்கியில் கணினி பேசியது: “படம். படம். இணைப்பு. படம். இணைப்பு. படம்.”

சிரித்தார்கள். அவள் விடாமல் தட்டினாள். “படம். படம்.” சிரிப்பு மெல்ல வற்றியது. விண்ணப்பப் படிவம் எங்கே என்று கடைசிவரை அந்தக் குரல் சொல்லவில்லை. தெமிர்லான் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து நூலகத் தளம், உலர்பெக் செய்தது. “தலைப்பு: புத்தகம் தேடுக.” பெயரை உள்ளிட்டாள். “ஒரு புத்தகம் கிடைத்தது. இருக்கிறது.” அவள் விரல்கள் பறந்தன. கோக்-போரு ஆட்டத்தில் குதிரைக்குக் கத்துவதுபோல் பின்வரிசை கத்தத் தொடங்கியது. மாணவர் எண், எடுக்கும் நாள், எல்லாம் வரிசையாக வந்தன. நானும் எழுந்து நின்றுவிட்டேன். கடைசிப் படி.

“பொத்தான்.”

மறுபடி தட்டினாள். “பொத்தான்.” இன்னொன்று. அதுவும் “பொத்தான்.”

“முதல்ல வர்றதுதான், அமுக்கு தங்கச்சி,” என்று யாரோ கத்தினார்கள்.

சாய்கல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“தினமும் குத்துமதிப்பாத்தான் அமுக்குறேன். ஒருதடவை தேர்வுக்கட்டணத்தையே ரத்து பண்ணியிருக்கேன். இன்னைக்கு மாட்டேன்.”

(இந்த இடத்தில், உலர்பெக் மடிக்கணினியில் ரகசியமாகத் திருத்திவிடுகிறான் என்று ஒரு பத்தி எழுதினேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கைவிட்டேன்.)

நடந்தது இது. உலர்பெக் சுவரோரத்திலிருந்து மேடைக்கு வந்தான். “நேத்து அந்தப் பொத்தான்கள்ல எழுத்தை எடுத்துட்டுப் படம் வெச்சேன். பாக்க நல்லா இருக்கும்னு. கணினி வாசிக்கிறதுக்குப் பேர் வெக்க மறந்துட்டேன். இங்கேயே சரி பண்ணலாமா?”

அவசரத்தில் தப்பும் தவறுமாக அடித்தான். அப்போது மேடையேறியது தெமிர்லான். “தள்ளு, மேற்கோள்குறியை மூடாம விட்டுட்ட பார்,” என்று பக்கத்தில் உட்கார்ந்தான்.

சாய்கல் தட்டினாள். “பொத்தான்: முன்பதிவு செய்.” அமுக்கினாள். “உங்கள் புத்தகம் நாளை தயாராக இருக்கும்.”

அதன்பின் எழுந்த சத்தத்தை எழுத முயன்ற மூன்று வாக்கியங்களையும் கைவிட்டேன்.

4

முடிவுக்கு வருகிறேன், அதாவது வரப் பார்க்கிறேன்.

ஓவிய ஆசிரியர் சொன்னார்: “போட்டி நேரத்துல வேலை செய்யலை. இந்த வருஷம் யாருக்கும் கிடையாது.” ராக்கியா சொன்னார்: “எல்லார் முன்னாடியும் தப்பை ஒத்துக்கிட்டுத் திருத்தினான். உலர்பெக்குக்குத்தான்.” ஒலிவாங்கி சாய்கலிடம் போனது.

விருது கொடுத்தால் எல்லாத் துறைகளுக்கும் நூலகத் தளத்தின் அச்சு வரும். கூடவே, கடைசி நிமிடம் சரிசெய்தால் போதும் என்கிற நினைப்பும் வரும். கொடுக்காவிட்டால் இன்னொரு ஆண்டு படம், படம், இணைப்பு.

அவள் சொன்னாள். நானும் கேட்டேன். அதை எழுதியும் அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

“அதை எடுத்துருங்க அகாய்.”

“ஏம்மா? அதுதானே கதை.”

“முடிவைப் படிச்சா ‘சரி, நல்லா முடிஞ்சிருச்சு’ன்னு மூடி வெச்சிருவாங்க. நான் அந்த மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் பாருங்க, உள்ளங்கை வேர்த்து வழுக்கிச்சு. அவங்களும் கொஞ்சம் பிடிக்கட்டும்.”

எடுத்துவிட்டேன். இரண்டு நடுவர்கள் சொல்லியாயிற்று. இரண்டு தளங்களையும் நீங்கள் கேட்டீர்கள். திரை இன்னும் அணைந்தேதான் இருக்கிறது, அரங்கம் காத்திருக்கிறது.

சொல்லுங்கள்.