அலசிய பாட்டில்

குழாயடியில் குனிந்து நின்றவர் பாட்டிலை மூன்றாவது முறையும் அலசிக் கொட்டியபோதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாக ஆய்வாளராக இருக்கிறாள். தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு அவள் போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாராவாரம் பெட்டியில் பாட்டில்கள் வரும், சோதிப்பாள், கையெழுத்துப் போடுவாள், முடிந்தது. இன்று கூடவே கிளம்பி வந்ததற்குக் காரணம், இது தங்கை குடியிருக்கும் கட்டடம். தங்கை மகளுக்கு மூன்று வாரமாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

மாதிரி எடுத்து வரும் இவரை ஆபீஸில் சுத்தக்காரர் என்றுதான் சொல்வார்கள். நாற்காலியைத் துடைக்காமல் உட்கார மாட்டார். துடைத்த துணியைத் துவைத்துக் காயப்போடாமல் வீட்டுக்குப் போக மாட்டார். இந்த நான்கு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. எதற்காக அலசுகிறீர்கள் என்று அவள் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

"அடியில வெள்ளையா ஏதோ தூள் ஒட்டியிருக்கும் மேடம். கழுவுறவங்க சரியா கழுவுறதில்ல போல. உங்க பேரு கெட்டுடக் கூடாதுன்னு நானே அலசிட்டுத்தான் பிடிப்பேன். வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

அந்தத் தூளை அளந்து போட்டு அனுப்புகிறவள் அவள். தண்ணீரில் இருக்கும் குளோரினை அது முறித்துவிடும். தூள் இல்லையென்றால் குளோரின் பாட்டிலுக்குள்ளும் சும்மா இருக்காது. வண்டியில் குலுங்கி வரும் மூன்று மணி நேரத்தில் இருக்கிற கிருமியையெல்லாம் தீர்த்துக்கட்டிவிடும். குழாயில் அசிங்கமாக இருந்த தண்ணீர் அவள் மேஜைக்குப் பரம யோக்கியனாக வந்து சேரும். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிற குழந்தைக்கு அந்த மூன்று மணி நேரம் கிடைப்பதில்லை. இதையெல்லாம் அவருக்கு யார் சொன்னார்கள்? ஆய்வகச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியதும் அவள்தான்.

அவரிடம் அவள் கோபிக்கவில்லை. இன்னொரு பாட்டிலை வாங்கி, அலசாமல், அதே குழாயில் தானே பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு பாட்டில் தண்ணீரையும் விட்டுக் கிருமி வளர வைத்திருந்த தட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அலசிய பாட்டிலின் தட்டு பளிச்சென்று இருந்தது. அலசாததில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள், எண்ணி மாளாது. மலத்தில் இருக்க வேண்டியவை. எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது. பதினோரு வருடத்தில் இதைவிட மோசமான தட்டுகளை மூக்கைச் சுளிக்காமல் கழுவியிருக்கிறாள். இப்போது வாஷ்பேசினில் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அருவருப்பு தட்டின் மேல் இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் எந்த வைத்தியத்தை அனுப்பினாலும் ஆதாரம் எங்கே என்று முதல் ஆளாகக் கேட்பவள் அவள். சித்தப்பா ஒருவர் அந்தக் குழுவை விட்டே போய்விட்டார். அப்பேர்ப்பட்டவள், தன் பாட்டில் எப்படி நிரம்புகிறது என்று நான்கு வருடத்தில் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சி ஏன் கேஸை வீணாக்குகிறாய் என்று தங்கையைக் கேலி செய்து நிறுத்த வைத்ததும் இதே வாய்தான்.

குழாயைச் சரிபார்க்கச் சொல்லியும், நான்கு வருட அறிக்கைகளைத் திரும்பப் பெறுவதாகவும் ஒரு கடிதம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். அவர் நிதானமாகப் படித்தார். குழாய்க்கு ஆள் அனுப்பலாம் என்றார். பிறகு கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"இனிமே அலசாம எடுக்கச் சொல்லுங்க, போதும். பழசைக் கிளறினா ஜனங்களுக்கு அறிவியல் மேலயே நம்பிக்கை போயிடும்."

அறிவியல் என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதும் அவளுக்கு எழுந்து போய் வாயைக் கொப்பளிக்கத் தோன்றியது. வெளியே வந்து தங்கை வீட்டுக்கு வண்டி பிடித்தாள்.

கட்டடத்தின் நுழைவாயில் பலகையில் போன மாத அறிக்கை தொங்கியது. கீழே அவள் கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு. அதைக் கிழித்தெடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள். வழியில் வந்த ஒரு அம்மா என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர் சரியில்லை, காய்ச்சிக் குடியுங்கள் என்றாள். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

தங்கை எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அக்கா வந்திருந்தாள். உள்ளே கட்டிலில் குழந்தை தண்ணீர் கேட்டது. தங்கை டம்ளரை எடுத்தாள், குழாய் வரைக்கும் போனாள், திறக்காமல் நின்றாள்.

"நீ சொன்னேன்னுதானேக்கா நிறுத்தினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்து, முழுத் தீயில் எரியவிட்டாள். இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன; பிறகு தண்ணீர் மொத்தமாகப் புரண்டு கொதித்தது. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தாள். தங்கை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடி ஆவியில் மங்கியது. உள்ளேயிருந்து குழந்தை மறுபடியும் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் பாதியாகி, அதற்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.