பன்னிரண்டு பெட்டிகளின் கையெழுத்து

யார் தலையில் வேண்டுமானாலும் கைவைத்துச் சத்தியம் செய்யலாம்; இதில் ஒரு சொல்கூடக் கூட்டியதில்லை.

விடியும் முன்பே சலவைக் கூடத்தின் இஸ்திரி அறைக்குள் பதினோரு பேரும் நுழைந்துவிட வேண்டும். நுழைந்ததும் வெளியே பூட்டு விழும். விடுதிகளுக்குப் போகும் படுக்கை விரிப்பு திருட்டுப் போய்விடக் கூடாதாம். தூசி வராமலிருக்க ஜன்னல்களில் தகரம். ஏழு மணிக்கே நெற்றி வியர்வை கன்னத்துக்கு இறங்குமுன் காய்ந்து உப்பாகிவிடும். ஒருவர் வீட்டுக்கு வாங்கிவைத்த முட்டை பையிலேயே வெந்துவிட்டது. உரித்து, நெற்றியில் தொட்டுத் தின்றார்.

முதலாளி சுவரில் மாட்டிய வெப்பமானி மட்டும் முப்பது டிகிரியைத் தாண்டியதே இல்லை. அவ்வளவு விசுவாசமான ஊழியர் அங்கே வேறு யாருமில்லை.

அறையில் மூத்தவள் பெரியக்கா. போன மாதம், அங்கேயே வேலை பார்த்த அவள் கொழுந்தன் இஸ்திரிப் பெட்டியும் கையுமாகச் சுருண்டு விழுந்தான். சாவி முதலாளியின் இடுப்பில். முதலாளி காலைச் சாப்பாட்டில். தட்டித் தட்டிப் பெரியக்காவின் உள்ளங்கை வீங்கியது. அரைமணி கழித்துக் கதவு திறந்தது. அவன் பிழைத்தான், ஆனால் இடது கை எதையும் பிடிப்பதில்லை, பேச்சு குழறுகிறது.

"வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது. அதுக்கு நான் பொறுப்பா?" என்றார் முதலாளி.

பெரியக்கா வழக்குப் போட்டபோது, முதலாளி தரப்பு உள்ளூர் நீதிமன்றத்திலும் அதையே சொன்னது: வெப்பம் இயற்கையின் செயல். வழக்கு இழுத்துக்கொண்டே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் வழக்கை நடத்தும் வக்கீலம்மா பெரியக்காவின் ஒற்றை அறைக்கு வந்தாள். கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும் ஒரு குட்டித் தீவு, நாடுகளின் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். புகை கக்கி உலகைச் சூடாக்குவதைத் தடுக்கும் கடமை அரசுகளுக்கு உண்டா என்பது கேள்வி. அங்கே நாடுகள்தான் பேசலாம். ஆனால் தீவு தன் மனுவோடு பல தேசத்துத் தொழிலாளர்களின் வாக்குமூலத்தையும் இணைக்கிறதாம்.

"அவங்களுக்குத் தண்ணி, நமக்கு நெருப்பு. அடுப்பு ஒண்ணுதான்னு சொல்றே," என்றாள் பெரியக்கா. "அங்க சொல்லிட்டா எங்க கதவு தெறக்குமா?"

"நாளைக்கே தெறக்காதுக்கா. அவங்க சொல்றது கருத்துதான், கட்டளை இல்ல. ஆனா கடமை இருக்குன்னு எழுதிட்டா, இங்க 'இயற்கை'ன்னு சொல்லிக் கையக் கழுவ முடியாது. நம்ம நீதிபதியும் அதைப் படிச்சுத்தான் ஆகணும்."

சேதி முதலாளி காதுக்குப் போனது. முதல் கையெழுத்துப் போடுகிறவருக்கு அன்றோடு வேலை இல்லை என்றார். முதல் ஆளாக இருக்க யாரால் முடியும்? படுத்திருக்கும் கொழுந்தனுக்கும் சேர்த்துப் பெரியக்கா வீட்டில் உலை கொதிப்பது அவள் ஒருத்தி கூலியில். வாக்குமூலத் தாள் மூன்று நாள் அவள் இடுப்பிலேயே ஈரமாகிக் காய்ந்தது.

நாலாம் நாள் அவள் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கழித்துப்போட்ட விரிப்பொன்றை அவற்றின்மேல் பரப்பினாள். அங்கே அவரவர் பெட்டி அவரவருக்கு. அடித்தட்டின் கீறலைப் பார்த்தே யாருடையது என்று முதலாளியாலும் சொல்ல முடியும். பதினோரு பெட்டியும், மூக்கு நடுவை நோக்கியபடி, வட்டமாக ஒரே மூச்சில் துணிமேல் இறங்கின. எந்த இஸ்திரிக்காரரும் செய்யத் துணியாததைச் செய்தார்கள்: யாரும் பெட்டியை எடுக்கவில்லை. விட்டிருந்த இடைவெளியில் கொழுந்தனின் பெட்டியைப் பெரியக்கா சூடேற்றி வைத்தாள்.

கருகல் புகை சாவித்துவாரம் வழியாக நூலாக வெளியேறி, மாடிப்படி ஏறி, முதலாளியின் மூக்குக்கு எதிரே போய் நின்றது. ஒரு நிமிடத்தில் கதவு திறந்தது.

"யாருடி மொதல்ல வெச்சது?"

"வட்டத்துக்கு மொதல் எது, நீங்களே பாத்துச் சொல்லுங்க முதலாளி," என்றாள் பெரியக்கா. "துணி கருகுனா ஒரு நிமிஷம். ஆளு விழுந்தா அரைமணி. அதையும் எழுதச் சொல்றோம்."

முதலாளி கதவைச் சாத்தப் போனார். அதற்குள் கதவு நிலைப்படியில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது, இன்னும் சூடாக. அதன் பின்னால் பதினோரு பேர். கதவு சாத்தப்படவில்லை, அன்று யாரும் வேலைக்குத் திரும்பவுமில்லை. கையெழுத்தாக நின்ற பன்னிரண்டு கருகல் தழும்புகளின் நடுவே வாக்குமூலத்தை வைத்துத் தைத்து, துணியைத் தீவுக்கு அனுப்பினார்கள்.

சலவை நிறுவனமும் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து ஒரு பத்திரம் தாக்கல் செய்திருக்கிறது: அந்த அறையின் வெப்பம் ஒருநாளும் முப்பது டிகிரியைத் தாண்டியதில்லை. நீதிமன்றம் அனுப்பிய அதிகாரி நேரில் வந்து வெப்பமானியைப் பார்த்தார், முப்பதுதான் இருந்தது.