கொலாசிஸ் கட்டில் ஒரு சிவப்பு அட்டை

மூத்த சகலைக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? வேதாகமக் கிரேக்க அகராதி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறார். மைத்துனியைக் கட்டிய இளையவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். வந்து மூன்று வருஷம்கூட ஆகாத அவன் கையில் போய் ‘கொலாசிஸ்’ என்ற சொல்லைக் கொடுத்துவிட்டார் அகராதியின் தலைமை ஆசிரியர்! தண்டனை என்று பொருள். புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வரும். படித்தவர்கள் இன்னும் சண்டை போடும் சொல். அதற்கு விளக்கம் எழுதுகிறவர் பேர் அடியில் அச்சாகும்.

“என் தங்கச்சி வீட்டுக்காரர் கெட்டிக்காரர்தான்” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டு அட்டை உண்டு. பழைய நூல்களில் அந்தச் சொல் வரும் இடங்களை, அட்டைக்கு ஒன்றாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு அட்டையை உருவினால், எது என்று குறித்துக் கையெழுத்துப் போட்ட சிவப்பு அட்டையை அந்த இடத்தில் செருக வேண்டும். அடுத்தவருக்குக் கொடுத்த கட்டைக் கேட்காமல் தொட்டால் வேலையே போய்விடும்.

மறுநாள் காலை, யாரும் வருமுன் அவர் அந்தக் கட்டைப் பிரித்தார். உயிரான அட்டை ஒன்று உண்டு. தறிகெட்டு வளரும் மரத்தை வெட்டி அடக்குவதற்கும் இதே சொல்தான் என்று காட்டும் அட்டை. வேர்ப்பொருளே குறைப்பது, கத்தரிப்பது. அதனால்தான் வாங்குகிறவன் திருந்தக் கொடுப்பது கொலாசிஸ், கொடுக்கிறவன் மனசு ஆறக் கொடுப்பதற்கு வேறு சொல் என்று அந்தக் காலத்திலேயே பிரித்துச் சொன்னவர்கள் உண்டு. இது இல்லாமல் பயல் விளக்கட்டும், மானம் கப்பலேறட்டும்! உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்குக் கூட்டம். எல்லார் முன்னாலும் இளையவன் கட்டைப் பிரித்தான். நடுவில் ஒரு சிவப்பு அட்டை. ‘மரம் வெட்டும் இடம்’, இன்றைய தேதி, கீழே மூத்தவர் கையெழுத்து. அடக் கடவுளே! திருடும்போதுகூடப் பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு எழுதிச் செருகியிருக்கிறது.

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?” என்றார் தலைமை ஆசிரியர். மூத்தவர் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“நான்தான் ஐயா எடுக்கச் சொன்னேன்” என்றான் இளையவன். “இதெல்லாம் அண்ணனுக்குத்தான் அத்துப்படி. இந்தச் சொல்லை அவரே எழுதட்டுமே.”

தலைமை ஆசிரியர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் மூத்தவர் அவன் கையைப் பிடித்தார். “ஏன்டா என்னைக் காட்டிக் கொடுக்கல?”

“குடுத்திருந்தா என் மனசு ஆறியிருக்கும்ணே. அது வேற சொல்லாச்சே.”

உட்கார்ந்து எழுதினார். முடித்து, அடியில் தன் பேரையும் போட்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வயிறு மட்டும் முன்னைவிட அதிகமாக எரிந்தது. நல்லவன் என்ற பேரையும் அவனே தட்டிக்கொண்டு போய்விட்டானே, பாவி!